சிங்கப்பூர் வேலைக்கு வருகிறீர்களா? வொர்க் பெர்மிட், எஸ் பாஸ், ஈ.பி. பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூரின் தேக்கா பக்கம் நின்றால், கையில் போனை நீட்டி "அண்ணே, இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க" என்று கேட்கும் தம்பிகள் நிறையப் பேர். பெரும்பாலும் அது ஐ.பி.ஏ. எனப்படும் முன் ஒப்புதல் கடிதமாக இருக்கும். பணம் கட்டி, விமானம் ஏறி, வேலையிலும் சேர்ந்த பிறகு அதை முதல்முறையாகப் படிப்பார்கள். ஊரில் இருக்கும்போதே படித்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது. அதனால்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். அலுவலக வேலைக்கு வருபவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. தொகைகள் எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் நேரத்தில் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எத்தனை வகை பாஸ் இருக்கிறது? எனக்கு எது?

மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

கட்டுமானம், கப்பல் பட்டறை, சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் உடலுழைப்பு வேலைக்கு வொர்க் பெர்மிட். இதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று பொதுவாக எதுவும் கிடையாது. டெக்னீஷியன், சூப்பர்வைசர் மாதிரியான நடுத்தர வேலைகளுக்கு எஸ் பாஸ். 2025 செப்டம்பரிலிருந்து புதிதாக விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 3,300 வெள்ளி மாதச் சம்பளம் இருக்க வேண்டும், நிதித்துறை என்றால் 3,800. பொறியாளர், மேலாளர், நிபுணர்களுக்கு ஈ.பி. எனப்படும் எம்ப்ளாய்மென்ட் பாஸ். 2025 ஜனவரியிலிருந்து அதற்குக் குறைந்தது 5,600, நிதித்துறையில் 6,200.

எஸ் பாஸுக்கும் ஈ.பி.க்கும் சொன்ன தொகைகள் இளைஞர்களுக்கு. வயது ஏற ஏறத் தொகையும் ஏறும். 45 வயதுக்காரருக்கு ஈ.பி. வேண்டுமானால் 10,700 வெள்ளியாவது தேவை. "23 வயதுப் பையனுக்கு 5,600-க்குக் கிடைத்ததே, எனக்கு ஏன் கிடைக்கவில்லை" என்று 40 வயதுக்காரர்கள் கேட்பதற்குப் பதில் இதுதான்.

இவை தவிர, மாதம் 30,000 வெள்ளி சம்பாதிப்பவர்களுக்கான ஒன் பாஸ், தொழில் தொடங்குபவர்களுக்கான ஆன்ட்ரே பாஸ் என்று சில உண்டு. அவற்றுக்குத் தகுதி உள்ளவர்களுக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது.

நானே விண்ணப்பிக்கலாமா? விசிட் விசாவில் வந்து வேலை தேடலாமா?

விண்ணப்பிக்க முடியாது. மூன்று பாஸுக்குமே விண்ணப்பிப்பது முதலாளி, அல்லது அவர் நியமித்த உரிமம் பெற்ற ஏஜென்சி. பாஸ் உங்கள் பெயரில் வந்தாலும் அந்த ஒரு கம்பெனிக்கும் அந்த ஒரு வேலைக்கும்தான் செல்லும். "முதலில் விசா எடுத்துக்கிறேன், அப்புறம் கம்பெனி பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால், அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். அப்படி ஒரு விசா இல்லை.

விசிட் விசாவில் வந்து நேர்காணலுக்குப் போகலாம். வேலை செய்யக் கூடாது, ஒரு நாள்கூட. பாஸ் இல்லாமல் வேலை பார்த்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதற்குப் பிறகு சிங்கப்பூரில் வேலை செய்வதை மறந்துவிட வேண்டியதுதான். "ஒரு மாசம் டிரெய்னிங் மாதிரி வந்து பாருங்க, பாஸ் பின்னாடி வரும்" என்று கூப்பிடுகிறார்களே, அதுவும் இதில்தான் சேரும்.

ஐ.பி.ஏ. என்றால் என்ன? அதில் எதைப் பார்க்க வேண்டும்?

விண்ணப்பம் கொள்கையளவில் ஏற்கப்பட்டது என்று மனிதவள அமைச்சு தரும் கடிதம் அது. நீங்கள் சிங்கப்பூருக்குள் நுழைவதே அதை வைத்துத்தான். வந்த பிறகு மருத்துவப் பரிசோதனை, கைரேகைப் பதிவு எல்லாம் முடிந்தால்தான் அட்டை கையில் வரும். வொர்க் பெர்மிட் என்றால், நீங்கள் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே முதலாளி இந்தக் கடிதத்தை உங்களுக்கு அனுப்பியாக வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியிலும் அது இருக்கும்.

கடிதத்தைத் திறந்ததும் இந்த வரிகளைத் தேடுங்கள்.

கம்பெனியின் பெயர். ஏஜென்ட் சொன்ன கம்பெனியும் கடிதத்தில் உள்ள கம்பெனியும் ஒன்றுதானா? "அது தாய்க் கம்பெனி, இது துணைக் கம்பெனி" என்று விளக்கம் வந்தால் ஏற்காதீர்கள். கடிதத்தில் உள்ள கம்பெனிதான் உங்கள் முதலாளி. வேறொரு கம்பெனிக்கு உங்களை அனுப்பி வேலை வாங்கினால் மாட்டிக்கொள்வதில் நீங்களும் ஒருவர்.

வேலையின் பெயர். வெல்டர் என்று பேசிவிட்டுக் கடிதத்தில் பொதுத் தொழிலாளி என்று இருந்தால் காரணம் கேளுங்கள்.

அப்புறம் சம்பளம். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், மாதாந்தர நிலையான படிகள், மாதாந்தர நிலையான பிடித்தம் என்று தனித்தனியாக இருக்கும். ஏஜென்ட் சொல்வதோ ஒரே தொகை: "1,200 வெள்ளி கிடைக்கும் தம்பி." கடிதத்தில் அடிப்படை 800 என்று இருக்கும். மிச்ச 400-க்கு ஓவர்டைம் பார்க்க வேண்டும், கம்பெனியில் வேலை இருந்தால். தங்குமிடத்துக்கோ சாப்பாட்டுக்கோ பிடித்தம் போட்டிருந்தால் கைக்கு வருவது இன்னும் குறையும். ஊரில் வட்டிக்கு வாங்கிய கடனைக் கணக்குப் போடும்போது 1,200-ஐ வைத்துப் போடாதீர்கள், 800-ஐ வைத்துப் போடுங்கள்.

கடிதத்தில் உள்ள சம்பளத்தை முதலாளி தன் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. குறைப்பதாக இருந்தால் நீங்கள் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும், அமைச்சுக்கும் தெரிவித்திருக்க வேண்டும். அதனால் வந்து இறங்கியதும் புதுசாக ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னால், படிக்காமல் போடாதீர்கள். நெருக்கினால், "படிச்சுட்டு நாளைக்குத் தர்றேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கடைசியாக, கடிதம் உண்மையானதுதானா? விண்ணப்ப நிலையை அமைச்சின் இணையத்தளத்தில் நீங்களே பார்க்கலாம், கட்டணம் இல்லை. போலிக் கடிதங்கள் பார்ப்பதற்கு அசல் மாதிரியே இருக்கும். முத்திரையையும் எழுத்துருவையும் பார்த்து நம்பிவிடாதீர்கள். தளத்தில் உங்கள் விண்ணப்பம் காட்டினால்தான் உண்டு.

ஏஜென்ட் மூன்று லட்சம், நான்கு லட்சம் கேட்கிறார். அதுதான் ரேட் என்கிறார்களே?

அது வழக்கத்தில் உள்ள ரேட்டாக இருக்கலாம், சட்டத்தில் அப்படி ஒரு ரேட் இல்லை.

சிங்கப்பூர்ப் பக்கம்: உரிமம் பெற்ற ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கக்கூடியது, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், எப்படிப் பார்த்தாலும் மொத்தம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது. 800 வெள்ளிச் சம்பளத்துக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்றால் உச்சம் 1,600 வெள்ளி. முதல் ஆறு மாதத்துக்குள் முதலாளியே வேலையை விட்டு எடுத்தால், கட்டியதில் பாதியை ஏஜென்சி திருப்பித் தர வேண்டும். ரசீது கேட்டு வாங்குங்கள்.

இந்தியப் பக்கம்: 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழக அரசே அயல்நாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப ஒரு நிறுவனம் நடத்துகிறது; சென்னையில் இருக்கும் அந்த அலுவலகத்தில் பதிவு செய்து வைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

நடப்பு என்ன என்றால், பணம் பல கை மாறுகிறது. ஊரில் ஒருவர், டவுனில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர். ஊர்க்காரர் சொந்தக்காரராகக்கூட இருப்பார். ரசீது கேட்டால் "மாமா மேல நம்பிக்கை இல்லையா?" என்பார். நம்பிக்கை வேறு, ரசீது வேறு. பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பேசியதையும் தொகையையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் நடக்கிறது. வேலை கொடுப்பதற்கோ பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்கோ முதலாளியோ சூப்பர்வைசரோ பணம் கேட்பது. "ரெனியூவலுக்கு 1,500 வெள்ளி கொடு, இல்லைன்னா ஊருக்குப் போ." இது அப்பட்டமான குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. பணத்தைக் கொடுத்துவிட்டுப் பல வருடம் வாய் திறக்காமல் இருப்பவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. ஒரு மாதம் வெயிலில் நின்று சம்பாதித்ததைவிட அந்தத் தொகை அதிகம்.

லெவி, பாண்டு, இன்சூரன்ஸ் எல்லாம் நான் கட்ட வேண்டுமா?

ஒரு வெள்ளிகூட இல்லை. மூன்றும் முதலாளியின் செலவு. இந்தியத் தொழிலாளி ஒருவருக்குக் கட்டுமானக் கம்பெனி மாதாமாதம் அரசுக்குக் கட்டும் லெவி, உயர்திறன் நிலையில் உள்ளவருக்கு 500 வெள்ளி, அடிப்படைத் திறன் நிலையில் உள்ளவருக்கு 900. எஸ் பாஸுக்கு 650. வொர்க் பெர்மிட்டுக்கு 5,000 வெள்ளிப் பிணைப் பத்திரமும் முதலாளி கொடுக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு எடுத்திருக்க வேண்டும். "லெவிக்காகச் சம்பளத்தில் கழித்திருக்கிறோம்" என்று சம்பளச் சீட்டில் எங்கேயாவது இருந்தால், அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அதுவே சாட்சி.

500-க்கும் 900-க்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். உயர்திறன் நிலைக்குத் தேறினால் கம்பெனிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். சம்பள உயர்வு பேசும்போது இதை மனசில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வொர்க் பெர்மிட்டில் என்னென்ன வேலைக்கு இந்தியர்களை எடுக்கிறார்கள்? ஸ்கில் டெஸ்ட் கட்டாயமா?

இந்தியா, இலங்கை, வங்கதேசம், மியன்மார், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளிலிருந்து கட்டுமானம், கப்பல் பட்டறை, சுத்திகரிப்பு ஆலை போன்ற செயல்முறை ஆலைகளுக்கு ஆள் எடுக்கலாம். தொழிற்சாலைகளுக்கும் ஹோட்டல், உணவகம் மாதிரியான சேவைத் துறைக்கும் எடுப்பதில் கட்டுப்பாடு அதிகம். குறிப்பிட்ட வேலைப் பட்டியலில் இருந்தால்தான் முடியும், அதிலும் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி, கம்பெனியின் மொத்த ஆட்களில் 8 சதவீதத்துக்குள் என்று வரம்பு. 2025 செப்டம்பரில் பட்டியலை விரித்துச் சமையல்காரர், கனரக வாகன ஓட்டுநர், ஆலை இயந்திர இயக்குநர் போன்றவர்களையும் சேர்த்தார்கள். ஆகவே "சூப்பர்மார்க்கெட்டில் கேஷியர் வேலை, பெர்மிட்டில் எடுக்கிறோம்" என்று விளம்பரம் வந்தால் சந்தேகப்படுங்கள்.

கட்டுமானத்துக்கு ஸ்கில் டெஸ்ட் தேவை. அதற்கான பயிற்சி, தேர்வு மையங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. சான்றிதழை உங்கள் பெயரில், பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலோடு வாங்குங்கள். டெஸ்டில் பாஸாவது வேலைக்கு உத்தரவாதம் அல்ல. அந்த மையத்துக்குக் கட்டும் பணமும் வேலைக்கான ஏஜென்ட் கட்டணமும் வெவ்வேறு.

முதல்முறை வருபவர்கள், வந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள் அறிமுக வகுப்புக்குப் போக வேண்டும். தமிழிலும் நடத்துகிறார்கள், செலவு முதலாளியுடையது. அசதியில் தூங்கிவிடாதீர்கள், புகார் எங்கே கொடுப்பது என்பதையெல்லாம் அங்கேதான் சொல்வார்கள்.

ஓவர்டைம் கணக்கு எப்படி?

வாரத்துக்கு 44 மணி நேரம் சாதாரண வேலை. அதற்கு மேல் பார்ப்பது ஓ.டி., மணிக்கு ஒன்றரை மடங்கு. மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. வாங்கக் கூடாது.

அடிப்படைச் சம்பளம் 800 என்று வைத்துக்கொள்வோம். 800-ஐ 12-ஆல் பெருக்கினால் 9,600. அதை ஆண்டின் 52 வாரம், வாரத்துக்கு 44 மணி, அதாவது 2,288-ஆல் வகுத்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 4.20 வெள்ளி. ஒன்றரை மடங்கு 6.30 வெள்ளிக்குப் பக்கம். தினம் இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 52 மணி நேரம், ஏறக்குறைய 327 வெள்ளி. ஓ.டி.க்கு மணிக்கு நான்கு வெள்ளி என்று ஒரே ரேட்டாகப் போடும் கம்பெனிகள் உண்டு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு குறைகிறது என்று உங்களுக்கே தெரியும்.

முதலாளி கேட்டு ஓய்வு நாளில் முழு நாள் வேலை பார்த்தால் இரண்டு நாள் சம்பளம். மாதச் சம்பளம் மாதம் முடிந்து 7 நாளுக்குள், ஓ.டி. 14 நாளுக்குள் வர வேண்டும். எத்தனை மணிக்கு ஏறினீர்கள், எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்று ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதுங்கள். டைம்கார்டைப் போட்டோ எடுக்க முடிந்தால் எடுங்கள். பிரச்சினை வரும் நாளில் கம்பெனியின் பதிவுக்கு எதிராக நீங்கள் காட்டக்கூடியது அது ஒன்றுதான்.

"எஸ் பாஸ் போட்டுத் தர்றேன், ஆனா சம்பளம் 1,800தான் தருவேன்" என்கிறார். ஒத்துக்கலாமா?

வேண்டாம். இப்படி இரண்டு விதமாகச் செய்கிறார்கள். வங்கியில் 3,300 போட்டுவிட்டு 1,500-ஐ ரொக்கமாகத் திருப்பி வாங்குவது ஒன்று. அமைச்சிடம் ஒரு சம்பளத்தைச் சொல்லி, கொடுக்கும்போது வேறு கொடுப்பது இன்னொன்று. முதலாளி பொய்த் தகவல் கொடுத்த குற்றத்துக்கு உள்ளாவார். தெரிந்தே உடன்பட்ட உங்கள் எதிர்காலமும் சிக்கலாகும். பொய்ச் சான்றிதழ் கொடுப்பதும் இதே ரகம்: 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. பட்டம் இல்லாதவருக்குப் பட்டம் "ஏற்பாடு" செய்யும் ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள். மாட்டுவது அவர்கள் இல்லை, விமானம் ஏறியவர்தான்.

ஏற்கெனவே சிக்கியிருந்தால், ரொக்கமாக எடுத்த தேதி, தொகை, யாரிடம் கொடுத்தது எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டு உதவி அமைப்பு ஒன்றிடம் முதலில் பேசுங்கள்.

ஈ.பி.க்கு காம்பஸ் என்கிறார்களே, அது என்ன?

2023 செப்டம்பர் 1 முதல் புது ஈ.பி. விண்ணப்பங்களுக்கும், அடுத்த ஆண்டு அதே தேதி முதல் புதுப்பிப்புகளுக்கும் வந்த புள்ளி முறை. சம்பள வரம்பைத் தாண்டினால் மட்டும் போதாது, 40 புள்ளி எடுக்க வேண்டும். மாதம் 22,500 வெள்ளியோ அதற்கு மேலோ நிலையான சம்பளம் உள்ளவர்களுக்கு இது இல்லை.

அடிப்படை அம்சங்கள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 0, 10, அல்லது 20 புள்ளி. இரண்டு உங்களைப் பற்றியது, இரண்டு கம்பெனியைப் பற்றியது. உங்கள் சம்பளம் அந்தத் துறையில் உள்ளூர் அலுவலர்களின் சம்பளத்தோடு ஒப்பிட எங்கே நிற்கிறது. உங்கள் பட்டம் எங்கே வாங்கியது. கம்பெனியில் உங்கள் நாட்டுக்காரர்கள் எவ்வளவு பேர். அந்தக் கம்பெனி உள்ளூர்க்காரர்களுக்கு எவ்வளவு வேலை தருகிறது. ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் உள்ள வேலை என்றால் கூடுதல் புள்ளி, கம்பெனி அரசின் முன்னுரிமைத் திட்டங்களில் இருந்தால் இன்னும் கொஞ்சம்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். கோயம்புத்தூரில் பொறியியல் படித்த 28 வயதுப் பெண், சிங்கப்பூரில் 15 அலுவலர்கள் உள்ள சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்கிறார். 25 பேருக்குக் குறைவான கம்பெனிக்குக் கம்பெனி சார்ந்த இரண்டு அம்சத்திலும் தலா 10 புள்ளி தானாகவே கிடைக்கும். பட்டத்துக்கு 10. மொத்தம் 30. சம்பளத்தில் இன்னும் 10 எடுத்தால் போதும். அதற்கு அவருடைய சம்பளம், அவர் வயதுக்கான துறைச் சம்பள வரிசையில் 65-ஆம் சதமானத்தைத் தொட வேண்டும், அதாவது நூறு பேரில் 65 பேருடைய சம்பளத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

அதே பெண் 200 அலுவலர்கள் உள்ள கம்பெனியில் சேர்கிறார், அங்கே ஏற்கெனவே 30 சதவீதம் பேர் இந்தியர்கள் என்றால், நாட்டு வாரியான அம்சத்தில் அவருக்குப் பூஜ்யம். 25 சதவீதத்தைத் தொட்டாலே பூஜ்யம்தான், 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் 20. ஐ.டி. துறையில் நம்மவர்களுக்கு ஈ.பி. மறுக்கப்படும்போது பல நேரம் இதுவும் ஒரு காரணம். உங்கள் திறமையைக் குறைத்து மதிப்பிட்டதாக நினைத்து நொந்துகொள்ள வேண்டியதில்லை. வேறொரு கம்பெனியில் அதே சம்பளத்துக்குக் கிடைக்கலாம். வேலைக்குச் சம்மதிப்பதற்கு முன்பே "காம்பஸில் கம்பெனியின் புள்ளி எவ்வளவு?" என்று மனிதவளப் பிரிவிடம் கேட்டுவிடுங்கள், அவர்களுக்கு அது தெரியும்.

பட்டத்துக்குப் புள்ளி வேண்டுமானால் அது உண்மையானது என்று சரிபார்ப்பு நிறுவனம் ஒன்றிடமிருந்து சான்று வாங்க வேண்டும். ஊரில் அப்போஸ்டில் எனப்படும் அரசு முத்திரை போட்டு வைத்திருப்பது இதற்கு மாற்றாகாது. பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வரத் தாமதமாகும், அதனால் முன்கூட்டியே தொடங்குங்கள்.

பெரும்பாலான வேலைகளை விண்ணப்பிப்பதற்கு முன் குறைந்தது 14 நாள் அரசின் வேலைவாய்ப்புத் தளத்தில் கம்பெனி விளம்பரம் செய்திருக்க வேண்டும் என்பதும் விதி. பத்துப் பேருக்குக் குறைவான கம்பெனிக்கு விலக்கு உண்டு.

இந்தியாவும் சிங்கப்பூரும் செய்த சீகா ஒப்பந்தத்தால் இந்தியர்களுக்கு ஈ.பி. சுலபமாமே?

இல்லை. 2005-இல் கையெழுத்தான அந்தப் பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம் யாருக்கும் தானாக பாஸ் தருவதில்லை. எல்லோருக்கும் உள்ள சம்பள வரம்புதான் இந்தியருக்கும்.

குடும்பத்தைக் கூட்டி வரலாமா?

வொர்க் பெர்மிட்டில் முடியாது. எஸ் பாஸ், ஈ.பி. இரண்டிலும் மாதம் குறைந்தது 6,000 வெள்ளி சம்பளம் இருந்தால் மனைவி அல்லது கணவர், 21 வயதுக்குக் குறைவான திருமணமாகாத பிள்ளைகளைக் கூட்டி வரலாம். அப்பா அம்மாவை நீண்ட நாள் தங்க வைக்க 12,000 வேண்டும்.

சார்ந்தோர் பாஸில் வரும் மனைவி இங்கே வேலைக்குப் போக, 2021 மே மாதத்திலிருந்து தனக்கென்று தனி வேலை பாஸ் வாங்க வேண்டும். முன்பு இருந்த எளிய அனுமதிக் கடிதம் இப்போது கிடையாது. இரண்டு சம்பளத்தை நம்பி வீட்டு வாடகைக்குக் கணக்குப் போடுகிறவர்கள் இதை முதலிலேயே பேசித் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி மாறலாமா?

எஸ் பாஸ், ஈ.பி.யில் புதுக் கம்பெனி புதிதாக விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள அறிவிப்புக் காலத்தைக் கொடுத்துவிட்டு மாறலாம்.

கட்டுமானத் துறை பெர்மிட்காரர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாள் வரை உள்ள இடைவெளியில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே இன்னொரு கட்டுமானக் கம்பெனி உங்களுக்கு விண்ணப்பிக்கலாம். பெர்மிட் முடியும் தேதியைப் போனில் அலாரம் வைத்து, அதற்கு இரண்டு மாதம் முன்பே வேறு வேலை விசாரிக்கத் தொடங்குங்கள். "நான் கையெழுத்துப் போடாம நீ எங்கேயும் போக முடியாது" என்று மிரட்டுபவர் அந்த நாட்களில் சொல்வது பொய்.

பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. பாஸ்போர்ட்டும் வேலை அட்டையும் உங்களிடம்தான் இருக்க வேண்டும். "பாதுகாப்புக்கு" என்று வாங்கினால் பூட்டுப் போட்ட லாக்கர் கேளுங்கள்.

வேலையில் அடிபட்டால்?

முதலில் டாக்டரிடம் "வேலை செய்யும் இடத்தில் அடிபட்டது" என்று சொல்லுங்கள். டார்மிட்டரியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொன்னால் சொல்லாதீர்கள். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி தப்பு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையால் காயம் என்றால் இழப்பீடு உண்டு, எந்த பாஸில் இருந்தாலும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும். சிகிச்சைச் செலவும் மருத்துவ விடுப்புச் சம்பளமும் முதலாளி தர வேண்டும்.

நடந்த இடத்தைப் போட்டோ எடுங்கள், கூட இருந்தவர்களின் பெயரை எழுதி வையுங்கள், மருத்துவச் சீட்டுகளைப் பிரதி எடுத்து ஊருக்கும் அனுப்புங்கள். விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று அவசரப்படுத்தினால், விமான நிலையத்துக்குப் போவதற்கு முன்பே அமைச்சுக்கு போன் செய்யுங்கள். அங்கே போய்விட்டீர்கள் என்றாலும் குடிநுழைவு அதிகாரியிடம் "எனக்குக் காய வழக்கு இருக்கிறது, சம்பளம் பாக்கி இருக்கிறது" என்று தயங்காமல் சொல்லலாம்.

சம்பளம் தரவில்லை. யாரிடம் போவது?

தகராறு தீர்க்கும் முத்தரப்பு அமைப்பு ஒன்று இருக்கிறது, எல்லோரும் டாடெம் என்பார்கள். முதலில் அங்கே சமரசம் பேசுவார்கள், முடியாவிட்டால் வேலைவாய்ப்புக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகும். வக்கீல் வேண்டியதில்லை. கெடுவை மறக்காதீர்கள்: வேலையில் இருக்கும்போது என்றால் சம்பளம் வர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள், வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். "அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்" என்ற பேச்சை நம்பி மாதங்களைக் கடத்தினால் பழைய பாக்கி கையை விட்டுப் போய்விடும். இரண்டாவது மாதமும் வரவில்லை என்றால் போய்விடுங்கள்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையம், டி.டபிள்யூ.சி. டூ, ஹோம் ஆகிய அமைப்புகள் உதவும்.

எத்தனை வருடம் இருக்கலாம்? பி.ஆர். கிடைக்குமா?

வொர்க் பெர்மிட்டில் இத்தனை வருடம்தான் என்ற உச்சவரம்பை 2025 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். 63 வயது வரை இருக்கலாம், கம்பெனி புதுப்பித்தால். பெர்மிட்டில் இருந்து நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. எஸ் பாஸ், ஈ.பி.யில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம், கிடைப்பது அரசின் கையில். "பணம் கட்டினால் பி.ஆர்." என்பவர்களிடம் கட்டாதீர்கள்.

வேலையை விட்டால் உடனே கிளம்ப வேண்டுமா? வரி?

எஸ் பாஸும் ஈ.பி.யும் ரத்தானதும் பொதுவாக 30 நாள் தங்க அனுமதி கிடைக்கும். அதற்குள் வேறு வேலை அமையவில்லை என்றால் கிளம்ப வேண்டும். வொர்க் பெர்மிட் என்றால் ஊருக்குத் திரும்பும் டிக்கெட் செலவு முதலாளியுடையது.

வெளிநாட்டவருக்கு இங்கே மத்திய சேமநிதி கிடையாது, அதனால் திருப்பி வாங்க எதுவும் இருக்காது. வருமான வரிக் கணக்கை முடிக்க முதலாளி வரி ஆணையத்துக்குத் தகவல் கொடுத்து, அது முடியும் வரை உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்தி வைப்பார். அது விதிப்படிதான். வரி போக மீதி கைக்கு வந்ததா என்று சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள், முடியாவிட்டால் ஊரில் உள்ள வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.